பிங்ரீயின் உருளைக்கிழங்கு நிலங்கள்

1893-இல் அமெரிக்க வங்கிகள் அடுத்தடுத்து மூடப்பட்டபோது டெட்ராய்ட் நகரில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். நகரின் நிவாரண நிதி கரைந்துகொண்டிருந்தது. மேயர் ஹேசன் பிங்ரீ 1894-இல் செய்ததை நகராட்சிப் பணியில் இருப்பவர்கள் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

விலை ஏறட்டும் என்று போட்டுவைத்த காலி மனைகள் நகர ஓரங்களில் நிறையக் கிடந்தன. உரிமையாளர்களிடம் அவற்றை இரவலாகக் கேட்டார். சுமார் 430 ஏக்கர் சேர்ந்தது. அதை உழுது, பரம்படித்து, முளைக்குச்சி அடித்து, கால் ஏக்கர் முதல் அரை ஏக்கர் வரையிலான துண்டுகளாக்கி, விதையோடு கொடுத்தார்கள். இந்த முன்வேலைதான் முக்கியம். பட்டினி கிடப்பவரிடம் ஏரும் குதிரையும் ஏது? வெறும் நிலத்தைக் கொடுத்திருந்தால் அது தரிசாகவே கிடந்திருக்கும். பயிரையும் சரியாகத் தேர்ந்தார்கள். உருளைக்கிழங்கு மூன்று நான்கு மாதத்தில் விளையும். பனிக்காலம் முழுக்க நிலவறையில் கெடாமல் இருக்கும்.

தடுமாறியது பணத்தில். தேவாலயங்களில் நடந்த வசூல் 14 டாலரைக்கூட எட்டவில்லை. பிங்ரீ தன் குதிரையையே ஏலம் விட்டார். விண்ணப்பித்த குடும்பங்கள் சுமார் 3,000. நிலம் கிடைத்தது 945 குடும்பங்களுக்கு மட்டுமே. பருவம் பிந்தித் தொடங்கியும், ஏறத்தாழ 3,600 டாலர் செலவில் 12,000 டாலருக்குக் குறையாத விளைச்சல் வந்தது. அடுத்த ஆண்டு 1,500-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் பயிரிட்டன. கேலி செய்த பத்திரிகைகள் அடங்கின. பஃபலோவும் நியூயார்க்கும் இதே முறையை எடுத்துக்கொண்டன.

பிங்ரீ 1840-இல் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். செருப்பு ஆலையில் தோல் வெட்டியவர். உள்நாட்டுப் போரில் ஆண்டர்சன்வில் சிறைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். 1866-இல் டெட்ராய்டில் கூட்டாகச் செருப்பு ஆலை தொடங்கிப் பணக்காரரானவர். தோலில் ஒரு துண்டும் வீணாகாமல் வெட்டுவது அந்தத் தொழிலின் கணக்கு. காலி மனைகளை அவர் கண்ட விதத்தில் அந்தக் கண் தெரிகிறது.

1896-இல் மிச்சிகன் ஆளுநராகத் தேர்வானபின், டிராம் கட்டணத்தை மூன்று சென்டாகக் குறைக்க நடத்திவந்த போராட்டத்தை முடிக்க மேயர் பதவியையும் வைத்துக்கொள்ளப் பார்த்தார். இரண்டும் ஒருவரிடம் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1897-இல் தீர்ப்பளித்தது. மேயர் பதவியை விட்டார். உருளைக்கிழங்குத் திட்டத்துக்கு வந்தால், அதன் பலவீனம் நிலம் இரவல் என்பதே. தொழில் மீண்டு மனைக்கு விலை வந்ததும், உரிமையாளர் கேட்டால் திருப்பித் தருவதைத் தவிர நகராட்சிக்கு வேறு வழி இல்லை.