சுண்டைக்காய் வேரில் முள்ளுக் கத்தரி: மூன்றாவது தடவைதான் பிழைத்தது

கத்தரியில் வாடல் நோய் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பச்சையாக நிற்கும் செடி மத்தியானம் தலை தொங்கிவிடும், நாலு நாளில் பிடுங்கிப் போட வேண்டியதுதான். போன வருஷம் ஒரு செடியின் தண்டை அறுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்தினேன். வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக, பால் கசிவது போல நூல் நூலாக இறங்கியது. பாக்டீரியா வாடல். மருந்தடித்து மீட்கிற நோய் இல்லை இது. எங்கள் வேலூர் முள்ளுக் கத்தரிக்கு 2023இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை விட்டுவிட்டு வேறு ரகம் போட மனசு வரவில்லை. சுண்டைக்காய் வேர் இந்த வாடலைத் தாங்கும். அதனால் சுண்டைக்காய்ச் செடியை வேராக வைத்து, அதன் மேல் கத்தரியை ஒட்டுக் கட்ட இறங்கினேன்.

முதல் தடவை இரண்டு விதையையும் ஒரே நாளில் குழித்தட்டில் போட்டுவிட்டேன். கத்தரி ஒரு வாரத்தில் முளைத்தது. சுண்டை மூன்று வாரம் கழித்து அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலை காட்டியது, அதுவும் நூல் மாதிரி. அந்தத் தட்டுகள் எல்லாம் வீண். சுண்டை விதையை, முளைப்பைத் தூண்டும் ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, கத்தரிக்கு ஒரு மாதம் முன்பே விதைத்துவிடுங்கள். இரண்டு தண்டும் ஒரே பருமனுக்கு வர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

ஒட்டுப் போட்ட இடத்தைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் வாங்கப் பஸ் ஏறிப் போனதில் ஒரு நாள் போயிற்று. ஒட்டுக் கட்ட என்று தெளிவாகச் சொல்லியும், கடைக்காரர் தக்காளிக் கொடியைக் கயிற்றில் மாட்டும் வளையத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டார். வீட்டில் பிரித்த பிறகுதான் தெரிந்தது. கேட்க வேண்டியது 2 மி.மீ. சிலிக்கான் கிளிப். கடையிலேயே பிரித்துப் பாருங்கள்.

இரண்டாவது தடவை வெட்டு நன்றாகவே அமைந்தது. சுண்டையை நடுவில் பிளந்து, கத்தரித் தண்டை ஆப்பு மாதிரி சீவிச் செருகினேன். வெட்டுகிற இடத்தில் முள் இருந்தால் முதலில் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் கிளிப் உட்காராது. மூங்கில் வளைத்து, பாலிதீன் போர்த்தி, மேலே நிழல்வலை போட்டு மூடினேன். மூன்றாம் நாள் மச்சான் பார்க்க ஆசைப்பட்டார் என்று உச்சி வெயிலில் திறந்துவிட்டேன். சாயந்திரத்துக்குள் முக்கால்வாசி சுருண்டது. பதறிப்போய் மேலே தண்ணீர் தெளித்தேன். ஒட்டில் தண்ணீர் இறங்கி மிச்சமும் அழுகிவிட்டது.

மூன்றாவது தடவை ஏழு நாள் திறக்கவே இல்லை. தண்ணீரைத் தரையில் மட்டும் தேக்கினேன். அப்புறம் ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டினேன். 98 குழித் தட்டில் 81 செடி பிடித்தது. அன்றைக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது!

நடவில் சிக்கல் இல்லை. களை எடுக்க வந்த அக்கா, "என்ன தம்பி, செடி இப்படி மேலாக நிக்குது?" என்று அக்கறையாக ஒரு வரிசைக்கு மண் அணைத்துவிட்டார். பத்து நாள் கழித்துத்தான் கவனித்தேன். ஒட்டுக்கு மேலே கத்தரித் தண்டிலிருந்தே வேர் இறங்கியிருந்தது. அந்த வரிசையில் ஒன்பது செடி வாடிவிட்டது. மற்ற வரிசைகளில் ஒன்றுகூடப் போகவில்லை. ஒட்டு மண்ணுக்கு மேலே மூன்று விரல் தெரிய வேண்டும், வேலைக்கு வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒட்டுக்குக் கீழே சுண்டைத் துளிர் வந்துகொண்டே இருக்கும். வாரம் ஒரு தடவை குனிந்து பார்த்துக் கிள்ளிவிடுங்கள். விட்டால் கத்தரியை அமுக்கிவிட்டு அது மரமாகிவிடும்.