பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்

எனக்கு ஹாஷிமோட்டோ தைராய்டு இருப்பது கல்யாணத்துக்கு நாலு வருஷம் முன்பே தெரியும். நம் எதிர்ப்புச் சக்தியே நம் தைராய்டு சுரப்பியைத் தின்கிற வியாதி. காலையில் வெறும் வயிற்றில் 75 மைக்ரோகிராம் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காபி. பழகிவிட்டது. கூடவே, உடம்புக்கு எது வந்தாலும் 'தைராய்டாத்தான் இருக்கும்' என்று விட்டுவிடும் பழக்கமும் வந்துவிட்டது.

சிசேரியன் முடிந்து மதுரையில் அம்மா வீட்டில் இருந்தேன். மூன்றாம் மாதத்தில் எடை மளமளவென்று இறங்கியது. 'பரவாயில்லையே, சீக்கிரமே பழைய உடம்புக்கு வந்துட்டியே' என்று பார்க்க வந்தவர்கள் சொன்னபோது எனக்குப் பெருமைதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தால் கண் இருட்டும். 'பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்பாள் அம்மா. முகம் கறுத்ததற்குத் தூக்கமின்மை காரணம். குமட்டலுக்குப் பிரசவ லேகியம் காரணம். சோர்வுக்குத் தைராய்டு இருக்கவே இருக்கிறது.

உப்புக்குத்தான் யாராலும் காரணம் சொல்ல முடியவில்லை. வடுமாங்காய் ஜாடியில் மாங்காயை விட்டுவிட்டுத் தண்ணீரைக் கரண்டியால் மொண்டு குடிப்பேன். ராத்திரி பால் கொடுக்க எழுந்தால், கையோடு சமையலறைக்குப் போய் ரெண்டு கல்லுப்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன், கற்கண்டு மாதிரி. ஒருநாள் அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏண்டி, மாடு மாதிரி உப்ப நக்குற?"

ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயமாக அது தோன்றவே இல்லை.

ரத்தம் பார்த்ததில், தைராய்டு போதாதபோது ஏறும் டி.எஸ்.எச். 9 இருந்தது. மாத்திரையை 100 ஆகக் கூட்டினார்கள். அந்த நம்பரை மட்டும் வைத்துப் பார்த்தால் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் கூட்டிய பத்து நாளில் நான் படுக்கையை விட்டு எழவில்லை. தெம்புக்கு என்று அப்பா தினமும் இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார். அதுவும் எனக்கு எதிராகத்தான் வேலை செய்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

வாந்தி நிற்காமல் போய், அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பி.பி. 70/40. சோடியம் 118, 135-க்குக் குறையக் கூடாதது. பொட்டாசியம் 6.1, அது 5-ஐத் தாண்டக் கூடாது. முதலில் ஃபுட் பாய்சன் என்றுதான் பேச்சு. பிறகு வந்த டாக்டரம்மா ரிப்போர்ட்டைக் கீழே வைத்துவிட்டு என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். அம்மாவின் கையையும் வாங்கிப் பக்கத்தில் வைத்தார். என் ரேகைகள் மட்டும் பேனாவால் வரைந்த மாதிரி கறுத்திருந்தன. உதட்டை இழுத்து ஈறைப் பார்த்தார், திட்டுத் திட்டாகக் கறுப்பு. சிசேரியன் தழும்பு தார் பூசியது போல இருந்தது.

"ஏம்மா, உப்பு நிறையச் சாப்பிடத் தோணுதா?"

அம்மா ஜாடிக் கதையை ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

கார்டிசோல் என்ற ஹார்மோனுக்கும், அதைச் சுரக்கத் தூண்டும் ஏ.சி.டி.எச்.சுக்கும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டாவது குழாயை ஐஸில் புதைத்து, லேப் பையன் தெர்மாகோல் பெட்டியோடு ஓடினான். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. சலைன், 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி, அதாவது மருந்தாக வரும் கார்டிசோல். மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டேன். ரிசல்ட் வந்தபோது கார்டிசோல் வெறும் 1.8, ஏ.சி.டி.எச். எகிறி அறுநூறைத் தாண்டியிருந்தது.

அடிசன் நோய். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் வேலையை நிறுத்திவிட்டன. தாமஸ் அடிசன் 1855-லேயே எழுதிவைத்த நோய். அந்தக் காலத்தில் காசநோய்தான் பெரிய காரணம், நம் ஊரில் இன்றும் அதைச் சந்தேகிக்காமல் விட மாட்டார்கள். எனக்கும் சி.டி. எடுத்தார்கள். காசநோய் என்றால் சுரப்பி வீங்கியோ சுண்ணாம்பு படிந்தோ இருக்கலாமாம். என்னுடையது சுருங்கிக் கிடந்தது. தைராய்டைத் தின்றதே அட்ரினலையும் தின்றிருக்கிறது. கர்ப்பத்தில் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் அடங்கியிருக்கும், பிள்ளை பெற்றதும் மறுபடி சீறும் என்றார் டாக்டரம்மா. கார்டிசோலைச் சுரக்கச் சொல்லி அட்ரினலுக்கு மூளை அனுப்பும் ஏ.சி.டி.எச். ஏறிக்கொண்டே போனதால்தான் தோல் கறுத்ததாம். உப்பை உடம்பில் நிறுத்திவைக்கும் ஆல்டோஸ்டிரோனும் அங்கேதான் சுரக்க வேண்டும். அது இல்லாததால் உப்பு போய்க்கொண்டே இருந்தது, பொட்டாசியம் தங்கிவிட்டது. இளநீரில் இருப்பதோ அதே பொட்டாசியம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது தைராய்டு மாத்திரை விஷயம். தைராக்ஸின், உடம்பில் மிச்சமிருக்கும் கார்டிசோலையும் சீக்கிரம் செலவழித்துவிடும். அதனால் அட்ரினல் சந்தேகம் இருந்தால் முதலில் கார்டிசோலைக் கொடுத்துவிட்டுத்தான் தைராய்டு டோஸில் கை வைக்க வேண்டுமாம். போதாக்குறைக்கு, கார்டிசோல் குறைந்தாலே டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறிக் காட்டும். ஹைட்ரோகார்டிசோன் ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, பழைய 75-லேயே என் டி.எஸ்.எச். 4-க்குள் வந்திருந்தது.

இப்போது காலையில் 10, மதியம் 5, சாயங்காலம் 5 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன்; கூடவே ஆல்டோஸ்டிரோனுக்குப் பதிலாக ஃப்ளூட்ரோகார்டிசோன் ஒன்று. 'பால் கொடுக்கிற பொண்ணு ஸ்டீராய்டு சாப்பிடலாமா?' என்று சித்தி இன்னும் கேட்கிறாள். உடம்பு தானே செய்ய வேண்டியதை, செய்ய வேண்டிய அளவுக்குத்தான் கொடுக்கிறோம், பால் கொடுக்கலாம் என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். நிறுத்தினால்தான் ஆபத்து. ஜுரம் வந்தால் இரட்டிப்பு. வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என் கணவர் ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் குத்திப் பழகினார்.

குழந்தைக்குக் காது குத்தக் குலதெய்வம் கோயிலுக்குப் போனபோது அது உதவியது. வழியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் மூன்று முறை வாந்தி. வேனிலேயே தொடையில் ஊசி போட்டார், கை நடுங்கியது. பக்கத்து ஊர் கிளினிக்கில், என் நோயைப் பற்றி எழுதி நான் கூடவே வைத்திருக்கும் இங்கிலீஷ் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு வந்ததும் பின்பக்கம் தமிழிலும் எழுதி லேமினேட் செய்துவிட்டேன்: 'எனக்கு அட்ரினல் சுரப்பி வேலை செய்யாது. மயங்கிக் கிடந்தால் உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி போடவும். தாமதிக்க வேண்டாம்.'