கடலுக்கு எவ்வளவு தூரம்?

என் மனைவிக்கு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வருட ஆராய்ச்சி வேலை கிடைத்தபோது ஆளுக்கு ஒரு கேள்வி வந்தது. அவள் கேட்டது, "நாம அங்க போயிட்டா உங்க வேலை என்னாகும்?" நான் கேட்டது வரியும் வாடகையும். பன்னிரண்டு வயதை நெருங்கிக்கொண்டிருந்த மகள் கேட்டது, "அங்க தமிழ்ப் பிள்ளைங்க இருக்காங்களா?" நாகப்பட்டினத்திலிருந்து போனில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "ஏம்ப்பா, வீட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம்?"

2004 டிசம்பர் 26க்குப் பிறகு அம்மா கடற்கரைப் பக்கம் போனதில்லை. நாகையிலேயே பிறந்து வளர்ந்தவர். அன்று மாடியில் நின்று பார்த்ததைப் பற்றி இன்றுவரை என்னிடம் முழுதாகப் பேசியதும் இல்லை. அதனால் அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. "இன்னும் வீடே பாக்கலம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அப்போது பத்து வருடத்துக்கு மேலாக லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருந்தோம். அந்த வட்டாரத்தைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் இறங்கி நடந்தால் ஒரு கடையில் யாழ்ப்பாணத் தமிழ், அடுத்த கடையில் தஞ்சாவூர்த் தமிழ். முருங்கைக்காய், வாழைப்பூ, நல்லெண்ணெய் எல்லாம் ஐந்து நிமிட நடையில். ஆடிக் கிருத்திகைக்கு மானர் பார்க் முருகன் கோயில். சனிக்கிழமை காலையில் மகளுக்குத் தமிழ்ப் பள்ளி, மதியம் பரதநாட்டியம். அவளுடைய நெருங்கிய தோழிகள் மூன்று பேரும் அந்தச் சனிக்கிழமையில் கிடைத்தவர்கள். ஆங்கிலம் பேசாமலே ஒரு நாளை ஓட்டிவிடக்கூடிய தெரு அது. செயின்ட் ஆண்ட்ரூஸோ 20,000 பேர்கூட இல்லாத ஊர். 1413இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் மட்டும் 10,000க்கு மேல் மாணவர்கள். மீதிப் பேரும் புகழும் கோல்ஃபுக்கு. ரயில் நிலையத்தை 1969லேயே மூடிவிட்டார்கள்.

நான் கணக்கர், முதலில் கணக்குப் போட்டேன். வருமான வரியில் ஸ்காட்லாந்துக்குத் தனி விகிதம் என்பது எனக்குத் தெரியும். அது என் சம்பளத்தின் மேல் விழும் என்று யோசித்ததில்லை. சம்பளம் கொடுக்கும் அலுவலகம் லண்டனில் இருந்தாலும், குடியிருப்பது ஸ்காட்லாந்து என்றால் ஸ்காட்லாந்து வரிதான். 2024-25 கணக்கில், இங்கிலாந்தில் 50,270 பவுண்டைத் தாண்டினால்தான் 40 சதவீதம். ஸ்காட்லாந்தில் 43,662ஐத் தாண்டியதுமே 42. இன்னொரு பக்கம், மருந்துச் சீட்டுக்கு அங்கே காசில்லை. 5 வயதிலிருந்து 21 வயது வரை ஸ்காட்லாந்து முழுக்கப் பேருந்து இலவசம். தொடக்கப் பள்ளியில் முதல் ஐந்து வகுப்புக்கு மதியச் சாப்பாடு இலவசம். அங்கேயே குடியிருக்கும் பிள்ளைகள் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டம் படித்தால் கட்டணத்தை அரசு கட்டிவிடும். இங்கிலாந்தில் அப்போது அது வருடத்துக்கு 9,250 பவுண்டு. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் பெரிய லாபமும் இல்லை, பெரிய நட்டமும் இல்லை. என் அலுவலகம் மாதம் இரண்டு நாள் நேரில் வந்தால் போதும் என்றது. சரி, பணம் இதைத் தீர்மானிக்கப் போவதில்லை என்று தெரிந்தது. உண்மையில் அதன் பிறகுதான் கஷ்டம். கணக்கில் வராத விஷயத்தை வைத்து முடிவெடுக்க எனக்குப் பழக்கமில்லை.

கோடையில் போய்ப் பார்க்கலாம் என்றார்கள் நண்பர்கள். மனைவி வேண்டாம் என்றாள். "ஜூன்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், எந்த ஊரும் அழகாத்தான் இருக்கும். ஜனவரில போவோம்." ஊர் மாற யோசிக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இப்போது இதைத்தான்: அந்த ஊரின் மோசமான மாதத்தில் போய் நாலு நாள் இருங்கள். கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறி ஐந்தரை மணி நேரத்துக்குப் பின் லூகர்ஸில் இறங்கி, 99ஆம் எண் பேருந்தில் ஊருக்குள் போனபோது மணி நாலரை. சூரியன் போய்விட்டிருந்தது. மறுநாள் காலை எட்டரைக்கும் சரியாக விடியவில்லை. வெஸ்ட் சாண்ட்ஸ் கடற்கரையில் காற்று ஆளைப் பக்கவாட்டில் தள்ளியது. நாலு வயது மகன் என் கோட்டுக்குள் புகுந்துகொண்டான். மகள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊர் என்று பார்த்தால் மூன்று நீளத் தெருக்கள். மூன்றும் கிழக்கே, இடிந்த பேராலயத்தின் பக்கமாக ஓடுகின்றன. அதைத் தாண்டினால் துறைமுகம், கடல். எந்தத் தெருவில் நின்றாலும் மாணவர் கூட்டம். எங்கள் வயதில் குழந்தையோடு நடப்பவர்களை நான் எண்ணிக்கொண்டே வந்தேன்.

மூன்றாம் நாள் சவுத் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய கல் கட்டடத்தின் முன்னால் மகள் நின்றுவிட்டாள். "அப்பா, மெட்ராஸ் காலேஜ்னு இருக்கு. நம்ம மெட்ராஸா?"

நம்ம மெட்ராஸ்தான். அந்த வட்டாரத்தின் அரசு உயர்நிலைப் பள்ளியின் பெயரே அதுதான். இடம் மாறினால் அவள் படிக்கப்போவதும் அதில்தான். மனைவி விண்ணப்பித்தபோதே இதைக் கவனித்திருக்கிறாள்; அவளாகவே கண்டுபிடிக்கட்டும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். அன்று இரவு விடுதி அறையில் மூவரும் உட்கார்ந்து அந்தக் கதையைத் தேடிப் படித்தோம். ஆண்ட்ரூ பெல் இந்த ஊர்க்காரர், 1753இல் பிறந்தவர். 1787இல் சென்னைக்கு வந்து, 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பேற்றார். படைவீரர்களின் பிள்ளைகள் அவர்கள். ஒருநாள் வழியில் ஒரு 'மலபார்' பள்ளியைப் பார்க்கிறார். அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் தமிழர்களையும் அப்படித்தான் சொன்னார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதை விடுதிக்குக் கொண்டுவந்தார். அவருடைய ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்களை விட்டுவிட்டு, தெரிந்த பையனை வைத்தே தெரியாத பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். பிரிட்டனுக்குத் திரும்பி 1797இல் அதை எழுதி வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பரவியது. அவர் விட்டுப்போன பணத்தில் 1833இல் திறந்ததுதான் இந்தப் பள்ளி. 2021இல் ஊரின் மேற்கு ஓரத்தில் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது.

நம் ஊரில் இதற்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். என் தாத்தா திண்ணைப் பள்ளியில் படித்தவர். மணலில் எழுதி விரல் நுனி தேய்ந்த கதையைச் சொல்லியிருக்கிறார். மகளுக்கு எழும்பூர் என்றதும் வேறு நினைவு. சென்னையில் இறங்கி ஆச்சி வீட்டுக்கு ரயில் ஏறும் இடம் அது. "அப்ப இந்த ஸ்கூல்ல இருக்கிறவங்க யாரும் எழும்பூருக்குப் போயிருக்க மாட்டாங்க, நான் போயிருக்கேன்" என்றாள். மூன்று நாளில் அவள் பேசிய நீளமான வாக்கியம் அது.

ஒரு பள்ளியின் பெயரைப் பார்த்துக் குடும்பத்தோடு இடம் மாறிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். லண்டன் திரும்பிய பிறகு ஆறு வாரம் எங்கள் வீட்டில் நிம்மதி இல்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மனைவி சொன்னாள்: "எனக்கு வேலை கிடைக்குது. உங்களுக்குக் கடல் கிடைக்குது. தம்பிக்கு எந்த ஊரும் ஒண்ணுதான். இதுல இழக்கிறவ இவ ஒருத்திதான். இவ வேண்டாம்னா வேண்டாம்." சொல்லிவிட்டாளே தவிர அவள் முகம் எனக்குத் தெரியும். கடல்நாய்களைப் பற்றிய அந்த வேலைக்காகப் பல வருடம் காத்திருந்தவள். நான் மகளைப் பார்த்தேன். நாலு நாள் அவகாசம் கேட்டாள்.

நாலாம் நாள் மூன்று நிபந்தனை. ஒவ்வொரு விடுமுறையிலும் தோழிகளைப் பார்க்க ஈஸ்ட் ஹாம் வர வேண்டும். அவளுக்கென்று தனி அறை. மூன்றாவது: "ஸ்கூல் பிடிச்சிருக்கா, ஊர் பிடிச்சிருக்கான்னு தினமும் கேக்கக் கூடாது." முதல் இரண்டைக் காப்பாற்றுவது எளிதாக இருந்தது.

வீடு தேடியது தனிக் கதை. ஊருக்குள் வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர்கள் கண்ணில் முதலில் படுவது மாணவர்கள்தான். மூன்று நாலு பேர் தனித்தனியாகக் கொடுக்கும் வாடகையை ஒரு குடும்பம் எப்படிக் கொடுக்கும்? உறவில்லாத மூன்று பேர் சேர்ந்து தங்கும் வீட்டுக்குத் தனி உரிமம் வேண்டும், அந்த எண்ணிக்கை கூடாமல் உள்ளாட்சியான ஃபைஃப் கவுன்சில் கட்டுப்பாடும் வைத்திருக்கிறது. அப்படியும் நல்ல வீடுகள் கைக்கு எட்டவில்லை. ஒரு முகவர் வீட்டைக் காட்டி, உங்களுக்குத்தான் என்று வாய்விட்டுச் சொன்னார். இரண்டு நாளில் வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று ஒற்றை வரி மின்னஞ்சல். அன்று எனக்கு நிஜமாகவே மனம் விட்டுப்போயிற்று.

கடைசியில் லூகர்ஸுக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கும் நடுவில் கார்ட்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் மூன்று படுக்கையறை வீடு கிடைத்தது. வாடகை ஈஸ்ட் ஹாமின் இரண்டு அறை வீட்டைவிடக் குறைவு. ஒரு காலத்தில் காகித ஆலையை நம்பியிருந்த ஊர். 2008இல் ஆலை மூடிவிட்டது, அந்த இடத்தை இப்போது பல்கலைக்கழகம் வைத்திருக்கிறது. அதே 99ஆம் எண் பேருந்து வாசலருகே நிற்கும். ஊருக்குச் சைக்கிள் பாதை உண்டு. ஸ்காட்லாந்தில் 2017 டிசம்பர் முதல் வாடகை ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு லண்டனில் இருந்த எங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லி முடியாது.

2024 ஆகஸ்டில் வந்தோம். பள்ளி லண்டனில் ஜூலைக் கடைசியில்தான் முடிந்தது. இங்கே ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிட்டார்கள். மகளுக்கு அந்த வருடம் விடுமுறையே மூன்று வாரம்தான். ஆனால் ஒரு நல்லது நடந்தது. இங்கே உயர்நிலைப் பள்ளி ஒரு வருடம் தாமதமாகத் தொடங்குகிறது. மே மாதம் பிறந்த அவள் லண்டனில் ஏழாம் வகுப்பை முடித்துவிட்டு இங்கே மறுபடியும் உயர்நிலையின் முதல் வருடத்தில் சேர்ந்தாள். அந்த வகுப்பில் எல்லோருமே புதுசு. இடம் மாற யோசிப்பவர்கள் பிள்ளையின் பிறந்த மாதத்தை வைத்து இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வேறு எந்த ஏற்பாட்டையும்விட இதுதான் கை கொடுத்தது.

ஊர்ப் பிள்ளைகள் பள்ளியை மெட்ராஸ் என்றுதான் சொல்கிறார்கள். அவள் வீடியோவில் ஆச்சியிடம் "காலைல எட்டு மணிக்கு மெட்ராஸுக்குப் போயிட்டு நாலு மணிக்கு வந்திடுவேன்" என்றபோது அம்மா ஒரு நிமிடம் திகைத்துப் போனார்.

இழந்தது இழந்ததுதான். தெருவில் தமிழ் இல்லை. பக்கத்து நகரமான டண்டீயில் ஆசியக் கடை இருக்கிறது, அரிசியும் உளுந்தும் கிடைக்கும். யாரும் "என்ன தம்பி, ரொம்ப நாளா காணோம்" என்று கேட்க மாட்டார்கள். டிசம்பர் கடைசியில் மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வீட்டிலேயே வேலை செய்யும் எனக்கு முதல் குளிர்காலத்தில் சில நாள் வெளியாள் யாரிடமும் பேசாமலே கழிந்தன. வசந்தத்தில், நல்ல வெயிலடிக்கும்போதே கடலிலிருந்து ஹார் என்று இவர்கள் சொல்லும் மூடுபனி வந்து எதிர்வீட்டை மறைத்துவிடும். மகளின் சனிக்கிழமை போன் அழைப்பு முதலில் இரண்டு மணி நேரம் ஓடும். இப்போது அரை மணி. அவளுக்கு இங்கே இரண்டு தோழிகள் கிடைத்துவிட்டார்கள் என்பதால்தான். இருந்தாலும் அந்த அழைப்பு சுருங்கச் சுருங்க எனக்கு மனசு வலிக்கிறது. தம்பிக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தருவது அவள்தான். "நான்தான் சட்டாம்பிள்ளை" என்று அதட்டுவாள். அவன் 'ழ'வைத் தலைகீழாக எழுதுகிறான்.

மீனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. லண்டனில் உறைந்த வஞ்சிரத்தை வாங்கி வாங்கி எனக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. இங்கே துறைமுகத்தில் கூண்டுப் படகுகள் நண்டும் சிங்கி இறாலும் கொண்டுவருகின்றன. கோடையில் தூண்டில் போட்டால் மாக்கரல் ஏறுகிறது; நம் கானாங்கெளுத்திக்குச் சொந்தம்தான், முதுகில் வரிவரியாக இருக்கும். புளி கரைத்து மண்சட்டியில் வைத்தால் நாகை வீட்டு வாசனை அப்படியே வருகிறது. அப்புறம் வீட்டுக்குப் பின்னால் ஈடன் ஆற்றின் கழிமுகம். நீர் வடிந்தால் சேற்றுத் திட்டு, அதில் கடல்நாய்கள், குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் பறவைகள். வளைந்த நீள அலகோடு ஒரு கோட்டான் (ஆந்தை இல்லை, கர்லூ என்னும் கரைப்பறவை) அங்கே மேய்வதைப் பார்த்ததும் எனக்குக் கோடியக்கரை ஞாபகம் வந்தது. அங்கே குளிர்காலத்துக்கு வருவதும் இதே இனம்தான் என்றாள் மனைவி.

அவளுடைய ஒப்பந்தம் 2027 கோடையில் முடிகிறது. அதற்குள் மகளுக்குப் பொதுத்தேர்வுப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்துவிடும். நாங்கள் மறுபடியும் அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார வேண்டும்.

அதற்கு முன்னால் இந்த ஜூனில் அம்மா வருகிறார். விசா வந்துவிட்டது. போன வாரம் மறுபடியும் கேட்டார், கடலுக்கு எவ்வளவு தூரம் என்று. திறந்த கடல் நாலு கிலோமீட்டருக்கு மேல் என்றேன். அது உண்மைதான். கழிமுகம் கொல்லைக் கதவிலிருந்து நானூறு அடியில் இருக்கிறது, கடல்நீர் ஏறும்போது அலைச் சத்தம் கேட்கும் என்பதை இன்னும் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கொடுக்கும் அறையை வாசல் பக்கமாக மாற்றிவிட்டேன். எடின்பரோ விமான நிலையத்திலிருந்து வரும் வழியில், வீடு வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.