அப்பத்தாவின் முக்கால் மணி நேரம்

கிருத்திகைக்குக் குன்றக்குடி போய்விட்டு அப்படியே பிள்ளையார்பட்டியும் பார்த்து வரலாம் என்றார் அப்பத்தா. கார் காரைக்குடியைத் தாண்டவில்லை, ஆரம்பித்துவிட்டார்.

"எங்க காலத்துல குதிரை வண்டியில முக்கால் மணி நேரத்துல குன்றக்குடி வந்துருவோம் அப்பு."

எனக்குக் கணக்கு இடித்தது. குன்றக்குடி சுமார் 10 கிலோமீட்டர். குதிரை சும்மா நடந்தால் மணிக்கு 6 கிலோமீட்டர், ஓட்டநடை பிடித்தால் 12, மிஞ்சிப்போனால் 15. பாய்ச்சலில் 40கூடப் போகும்தான், ஆனால் வண்டியில் பூட்டி நாலு பேரை ஏற்றிக்கொண்டு யார் அப்படி விரட்டுவார்கள்? இங்கிலாந்தில் பழைய தபால் வண்டிகள் மணிக்கு 10 மைல் போனதாகச் சொல்வார்கள். அங்கே வழியில் புதுக் குதிரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நம்மூர் ஜட்காவில் போன குதிரையேதான் திரும்பியும் இழுக்க வேண்டும்.

"நிக்காம ஓடினாலே அம்பது நிமிஷம் ஆகும் அப்பத்தா."

"நீ வண்டியில ஏறியிருக்கியா?"

ஏறியதில்லை. சரி, வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் அவரே சொல்லிக்கொண்டு வந்தார். உட்காரும் இடத்தில் புல்லைப் பரப்பி மேலே சாக்கு விரித்திருக்குமாம். நமக்கு மெத்தை, குதிரைக்கு மத்தியானச் சாப்பாடு. பின்னால் பாரம் கூடினால் வண்டி அண்ணாந்துகொள்ளும். "ஆச்சி, முன்னால தள்ளி உக்காருங்க" என்று வண்டிக்காரர் கத்திக்கொண்டே வருவார். சாட்டைக் கம்பைச் சக்கரத்தின் ஆரக்காலில் வைத்தால் கடகடவென்று சத்தம், வழியில் போகிறவர்கள் ஒதுங்குவார்கள். மேடு வந்தால் ஆம்பளைகள் இறங்கி நடப்பார்கள்.

"அந்த நடையையும் முக்கால் மணியில சேத்தீங்களா?"

"அது சாமிக்கு நடந்தது. அதை எதுக்குக் கணக்குல சேக்கணும்?"

நாங்கள் 20 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தோம். கிருத்திகைக் கூட்டத்தில் காரை நிறுத்த இடம் தேடி அலைந்தது தனி. அப்பத்தாவால் படி ஏற முடியாது. மலையடிவாரத்துக் குடைவரைப் பக்கம் நிழலில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் ஏறினேன். மயில்மேல் ஆறு முகமும் பன்னிரண்டு கையுமாகச் சண்முகநாதர். தீபாராதனை வெளிச்சத்தில் முகங்களை எண்ணப் பார்த்தேன், முடிவதற்குள் திரை விழுந்துவிட்டது. கீழே வந்து விபூதியைக் கொடுத்ததும் முதலில் கேட்டது, "கூட்டத்துல நல்லாப் பாத்தியா?"

பிள்ளையார்பட்டியில் அவரே நடந்து உள்ளே வந்தார். மலையோடு மலையாக வடக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிற கற்பக விநாயகருக்கு இரண்டே கை. துதிக்கை வலப்பக்கம் சுழிந்திருக்கும். அங்கே அப்பத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. காதைப் பிடித்துக்கொண்டு மூன்று தோப்புக்கரணம், பாதி முழங்கால்தான் மடங்கியது.

வெளியே வந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்கைத் திறந்தார். முதல் இரண்டு கொழுக்கட்டை எனக்கு என்று கையை நீட்டினேன். அதை எடுத்துக்கொண்டு போய் டிரைவரிடம் கொடுத்தார்.

"வண்டிக்காரர் சாப்பிடாம நம்ம வீட்டுல யாரும் சாப்பிட்டதில்லை. குதிரைக்கும் ஒரு கட்டி வெல்லம் கொண்டாருவோம்" என்றவர், காரை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். "இதுக்கு என்னத்தைக் குடுக்க?"