முன்னறையைத் தையல் அறையாக்கியபோது

வீட்டில் ப்ளவுஸ் தைப்பவர்களுக்கு ஆடி மாதம்தான் மூச்சு விடும் நேரம். முகூர்த்தம் கிடையாது. ஆவணி பிறந்துவிட்டால் "அக்கா, நாளைக்கே வேணும்" என்று வரிசை கட்டுவார்கள். அதனால் படுக்கையறை மூலையில் நடந்துகொண்டிருந்த தையலை முன்னறைக்கு மாற்றும் வேலையை ஆடியில் எடுத்துக்கொண்டேன்.

மெஷினை எங்கே போடலாம் என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். நான் துணி போகிற வழியைப் பார்த்தேன். வாசலில் வாங்குகிறோம், அளவு எடுக்கிறோம், வெட்டுகிறோம், தைக்கிறோம், ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் அடிக்கும் தையல்), கொக்கி, அயர்ன், மறுபடி வாசல். இந்த வரிசையில் சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டு, அதற்குள் நடந்து பார்த்தேன். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பாண்டி ஆடப் போறியா?" என்றார். நடந்து பார்த்ததில்தான் தெரிந்தது, கட்டிங் டேபிளைச் சுற்றி மூன்று பக்கமாவது ஆள் நிற்க இடம் வேண்டும். சுவரை ஒட்டிப் போட்டால் எதிர்ப்பக்கத் துணியை எட்டிப் பிடிக்கவே முதுகு போய்விடும்.

டேபிள் புதிதாக வாங்கவில்லை. பரணில் கிடந்த பழைய கதவுப் பலகையை இரண்டு குட்டை அலமாரிகள் மேல் வைத்தோம். 44 இஞ்ச் பன்னா, அதாவது அகலம், உள்ள துணியை மடிக்காமல் விரிக்கலாம். உயரம் என் இடுப்பளவு, அதாவது 36 இஞ்ச். குட்டையாக இருந்தால் குனிந்து குனிந்து வெட்ட வேண்டும். அந்த வலி ராத்திரிதான் தெரியும். லைனிங், கேன்வாஸ் எல்லாம் கீழே அலமாரிக்குள் போய்விட்டன.

கரண்ட் வேலைக்குக் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். சாதாரண 6 ஆம்ப் ப்ளக் அதிகபட்சம் 1,380 வாட்தான் தாங்கும். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அயர்ன், மெஷின், ஃபேன் எல்லாம் சொருகுவது ஆபத்து. அயர்னுக்கு மட்டும் 16 ஆம்ப் ப்ளக்கைத் தனி லைனில், எர்த்தோடு போடச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் பேச்சைக் கேட்டு மெஷினுக்கும் சர்வோ மோட்டார் மாற்றினேன். பழைய கிளட்ச் மோட்டார் காலை எடுத்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். இது மிதித்தால்தான் ஓடும். கரண்டும் மிச்சம், தலைவலியும் இல்லை.

வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வர வேண்டும், வலது கைக்காரர்களுக்கு. இல்லையென்றால் கையின் நிழல் ஊசி மேலேயே விழும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டிப் பாருங்கள், புரியும். லைனிங் கலர் மேட்ச் மட்டும் எந்த ட்யூப்லைட்டையும் நம்பாமல் ஜன்னலோரம் கொண்டுபோய்த்தான் பார்க்கிறேன்.

சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவும் இதோடு முடித்தேன். ஆதார் எண், பான் எண், ஓடிபி இருந்தால் போதும், ஒரு பைசா செலவில்லை. அதே மாதிரித் தோற்றத்தில் தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன. பணம் கேட்டால் அது அரசுத் தளமில்லை என்று மூடிவிடுங்கள். சிறுதொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ராவில் சிசு கடன் 50,000 ரூபாய் வரை உண்டு. எனக்கு இப்போதைக்குத் தேவைப்படவில்லை.

தைத்து முடித்ததை வாசல் பக்கக் கம்பியில் பெயர்ச் சீட்டோடு மாட்டிவிடுகிறேன். வருகிறவர்கள் அங்கேயே வாங்கிக்கொள்கிறார்கள், சமையலறை வரை வருவது நின்றுவிட்டது. இன்னும் அடங்காதது ஓவர்லாக் பஞ்சுதான். ஃபேனைப் போட்டால் நேராக அயர்ன் டேபிளுக்குப் பறக்கிறது, நிறுத்தினால் வேர்க்கிறது. ஓவர்லாக் மெஷினுக்கும் அயர்ன் டேபிளுக்கும் நடுவே ஒரு திரை தொங்கவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.