குழாயின் நுனியைத்தான் முதலில் பார்ப்பேன்

சினைப்பைக் கட்டி என்று எழுதி, ஆபரேஷனில் எடுத்த உறுப்புகளோடு எங்கள் பேதாலஜி லேபுக்கு ஒரு டப்பா வந்தால், நான் முதலில் தேடுவது கருக்குழாயை. திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் ஊறி வெளுத்த அந்தக் குழாயின் நுனி விரல் விரலாகப் பிரிந்திருக்கும். அதை 2, 3 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி, மிச்சமில்லாமல் மெழுகில் பதிக்கச் சொல்வேன். புதிதாக வரும் பிஜி மாணவர்கள் அலுத்துக்கொள்வார்கள். நான் விடமாட்டேன்.

சினைப்பைப் புற்றுநோயில் அதிகம் காண்பது ஹை கிரேடு சீரஸ் கார்சினோமா என்ற வேகமாகப் பரவும் வகை. 2001-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், பரம்பரை ஆபத்துள்ள பெண்களிடம் முன்னெச்சரிக்கையாக அகற்றிய குழாய்களில் புற்றுக்கு முந்தைய மாற்றங்களைக் கண்டார்கள். இந்த வகையில் பெரும்பாலானவை குழாய் நுனியில் துளிர்த்துச் சினைப்பைக்குப் பரவுகின்றன என்பது பிறகு படிப்படியாகத் தெளிவானது.

மைக்ரோஸ்கோப்பில் அந்தத் தொடக்கம் சில நேரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சிலியா என்ற நுண்மயிர்களை இழந்த செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்து நிற்கும். உட்கருக்கள் பெருத்துக் கறுத்திருக்கும். பி53 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் போட்டால் பெரும்பாலும் அந்த இடம் மட்டும் அடர் பழுப்பாகத் தெரியும். சில கேஸ்களில் துளிகூட நிறம் ஏறாது. அதுவும் அந்தப் புரதத்தை உருவாக்கும் டிபி53 மரபணு பழுதானதற்கு அடையாளம்தான். திட்டுத்திட்டாக லேசாக ஏறினால் இயல்பு.

இந்த நோய் என்று உறுதியானால், பழுதானால் பரம்பரையாகப் புற்று ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களுக்கான சோதனையைக் கேளுங்கள். அதில் மாற்றம் தெரிந்தால் அக்கா தங்கைகளும் பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும். பிள்ளை பெற்று முடித்தவர்கள் வேறு காரணத்துக்காகக் கர்ப்பப்பையை எடுக்கப் போனால், குழாய்களையும் சேர்த்து எடுக்கலாமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம்.