கண்ணில் படாதது, விரலில் பட்டது

போன வாரம் ஆபீஸில் பக்கத்து சீட்டு நண்பன், "அந்த ஏசி ஆஃபர் பார்த்தியா?" என்றான். எந்த ஏசி என்று கேட்டேன். என் மானிட்டரிலேயே வலது ஓரமாகக் காட்டினான். காலையிலிருந்து அந்தச் செய்திப் பக்கம் திறந்தேதான் கிடந்தது, சத்தியமாக நான் பார்க்கவில்லை.

இதற்குப் பேனர் பிளைண்ட்னஸ் என்று பெயரே இருக்கிறது. 1998-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பென்வே, லேன் என்ற இருவர் சோதித்து எழுதியது. வேடிக்கை என்னவென்றால், தேடச் சொன்ன விஷயத்தையே பேனர் மாதிரிப் பெரிதாக, பளிச்சென்று மேலே போட்டுவைத்தும் பலர் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். விளம்பரம் மாதிரித் தெரிந்தாலே போதும், கண் ஒதுங்கிக்கொள்கிறது.

போனில் கதை வேறு. அங்கே ஏது வலது ஓரம், விளம்பரம் இரண்டு பத்திக்கு நடுவில்தான் வந்து உட்காரும். ஆனால் கட்டைவிரல் தள்ளுகிற வேகத்தில் எது நிற்கிறது? பாதி விளம்பரம் ஒரு நொடி திரையில் இருந்தாலே 'காணத்தக்கது' என்று கணக்கு வைப்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம், நான் பார்த்தேனா என்பது அதில் வராது. எனக்கு நினைவிருப்பதெல்லாம் கடுகு சைஸ் எக்ஸ் குறியை மூடப்போய், விரல் பிசகி, ஏதோ ரம்மி ஆப் பக்கம் திறந்துகொண்டதுதான். அதுவும் ஒரு கிளிக் என்று எங்கேயோ ஏறியிருக்கும்!

டிவியில் யூடியூப் பார்க்கும் அம்மாவுக்கு மட்டும் எல்லா விளம்பரமும் அத்துப்படி. ஸ்கிப் பட்டன் ஐந்து நொடியில் வந்துவிடும், சரி, ரிமோட் வர வேண்டாமா? அது தலையணைக்கு அடியிலோ அப்பாவின் முதுகுக்குப் பின்னாலோ இருக்கும், தேடி எடுப்பதற்குள் விளம்பரமே முடிந்துவிடும். சில விளம்பரங்களுக்கு ஸ்கிப்பே கிடையாது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "அந்த நகைக்கடையில செய்கூலி இல்லையாமே, ஒரு நடை போய்ட்டு வருவமா?" என்றார். அதே விளம்பரம் அவர் போனிலும் ஓடுகிறது, சமையல் வீடியோவுக்கு முன்னால். காட்டினேன்.

"இதுலயும் வருதா?" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.